கதையைச் சரியாகச் சொல்லு, மகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ. கேட்டால் இல்லை என்பார். நீ அங்கே வன்கூவர் மழைக்குள் குடை இல்லாமல் திரிகிறாய் என்று தம்பி சொன்னார்.

தம்பி இன்னொன்றும் சொன்னார். அவரோடு கோபிக்காதே, அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. போனில் சுகம் விசாரித்துக்கொண்டு வந்தவர், "அத்தை, உங்களுக்கு சர்ப்ரைஸ்னா பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டார். மருமகன் அப்படி ஒரு கேள்வி கேட்டால் மிச்சத்தை அவர் வாயால் வாங்க எவ்வளவு நேரம் வேண்டும்? ஹால் எடுத்தாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று, என் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ மைக் பிடித்துப் பேசப் போகிறாய், பேச்சு அம்மாவும் இங்கிலிஸ் படமும் பற்றி. எல்லாம் வந்துவிட்டது.

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரித்தான் வருவேன். திகைத்த முகம் எப்படி வைப்பது என்று குளியலறைக் கண்ணாடியில் பார்த்தும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளை நீ சொல்லி நான் கேட்டிருக்கிறேன். உன் சிநேகிதிகள் வந்தால், குசினிக்குள் எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொல்லுவாய். சொல்லச் சொல்லக் கதை கொழுக்கிறது, நான் மொக்காகிக்கொண்டு போகிறேன். வீட்டுக்குள் என்றால் பரவாயில்லை. ஹாலில் உன் பெரியப்பா வீட்டு ஆட்களும் இருப்பார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மெல்ல வாசி. விளங்காத இடத்தில் தம்பியைக் கேள். அவருக்கும் எங்கள் தமிழ் விளங்காவிட்டால் எனக்குப் போன் எடு.

முதலில் குட்வில்.

1998 தொடக்கம், சரியான பனி. நீ ஸ்கூலால் வந்து, "சனிக்கிழமை நாங்கள் குட்வில் ஹன்டிங் போறம்" என்றாய். குட்வில் என்ற பழைய சாமான் கடை எனக்குத் தெரியாத இடமா? வெலஸ்லி ஸ்ட்ரீட் அபார்ட்மென்டில் இருந்த காலத்தில் உன் முதல் பனிச்சட்டை, அப்பாவின் கோட், ஒரு கால் ஆடுகிற அந்த மேசை எல்லாம் அங்கே எடுத்ததுதான். அந்தக் கடையில் நல்லது வேண்டுமென்றால் குவியலுக்குள் தேடத்தான் வேண்டும். அதை இந்த ஊர்ப் பிள்ளைகள் வேட்டை என்கிறார்கள் போல என்று நினைத்தேன். நீ சொல்லும்போது நான் ஐம்பது டொலர் தந்து எனக்கு ஒரு கோட் எடுத்துவரச் சொன்னதாகச் சொல்லுகிறாய். ஐம்பது டொலரைச் சும்மா தூக்கித் தர அப்போது எங்களிடம் எங்கே இருந்தது? தந்தது இருபது. கேட்டது கோட் இல்லை, அப்பாவுக்கு ஒன்பதாம் நம்பர் பனிச் சப்பாத்து.

பின்னேரம் வெறுங்கையோடு வந்தாய்.

"ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"சூப்பர் அம்மா! ரொபின் வில்லியம்ஸ் அந்த மாதிரி!"

கடையில் நிற்கிற மனிதர், பிள்ளைகளுக்கு அன்பாக உதவி செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அப்ப அவரிட்டச் சொல்லியிருக்கலாமே, சப்பாத்து வந்தா எடுத்து வைக்கச் சொல்லி" என்றேன். அந்த மார்ச்சில் ஒஸ்கார் பரிசளிப்பை ரிவியில் பார்த்தோம். நீங்கள் பார்த்த அந்தக் குட் வில் ஹன்டிங் படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான பரிசை வாங்க ரொபின் வில்லியம்ஸ் மேடை ஏறியபோது, "இஞ்ச பார், சப்பாத்துக் கடைக்காரர்" என்று சொன்னது அப்பா. அவருடைய பகிடியையும் நீ என் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாய். அதைத் திருத்து.

அந்த இரண்டு 'ஏ' கதையை நீ சரியாகத்தான் சொல்லுகிறாய். ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விட்டுவிடுகிறாய். ஒன்ராறியோவில் அப்போது பேப்பரில் படவிளம்பரத்துக்குப் பக்கத்தில் ஃபமிலி, பிஜி, ஏஏ, ஆர் என்று எழுத்துப் போடுவார்கள். எங்கள் ஊரில் இந்தியப் படம் தொடங்கும்போது சென்சார் சேர்ட்டிபிக்கற் திரையில் வரும். அதில் 'ஏ' என்று கண்டால் அம்மம்மா எங்களை எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுவா. கொடுத்த ரிக்கற் காசைப் பற்றிக்கூட யோசிக்க மாட்டா. அப்படி வளர்ந்தவள் 'ஏ'க்குப் பக்கத்தில் இன்னொரு 'ஏ'யைக் கண்டால் என்ன நினைப்பாள்? "ஒண்டுக்கே எழும்பிப் போனனாங்கள், இது ரெண்டோ?" என்றேன். நீ, "அப்பிடி இல்லை அம்மா. பதினாலு வயசுக்குக் கீழ எண்டா பெரியாக்கள் கூட வரவேணும், அவ்வளவுதான். நீங்கள் வந்தாச் சரி" என்றாய்.

"அந்தக் கறுமத்தை நான் வேற வந்து பாக்கவோ?"

ஓம், சொன்னேன். பிறகு அரசாங்கமே அந்த எழுத்தை மாற்றி 14ஏ என்று விளக்கமாகப் போட்டது. என்னைப் போல எத்தனை தாய்மார் கேட்டிருப்பார்கள்!

இனிச் சியாமளன். இதற்குத்தான் பெரிய கைதட்டு விழும் என்று தம்பி சொன்னார், ஆகவே வடிவாகக் கேள்.

1999 ஆகஸ்ட். உனக்குப் பதினைந்து. நான் வேலையால் வந்து மீன் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ பிரிட்ஜைத் திறந்து வைத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கிறாய்: "அம்மா, வெள்ளிக்கிழமை நைட் சியாமளன் படத்துக்குப் போகட்டோ?"

இதை எந்தத் தமிழ்த் தாயிடமும் சொல்லிப் பார். வெள்ளிக்கிழமை. நைட். சியாமளன். படம். எனக்குக் கேட்டது இந்த நாலும்தான். யாழ்ப்பாணத்தில் செக்கன்ட் ஷோவுக்குப் போவதென்றால் அப்பு, மாமா, அண்ணன் என்று ஒரு படை கூட வரும். இது இன்னொருவன் கூட்டிக்கொண்டு போகிற இரவுக் காட்சி.

"ஆர் சியாமளன்?"

"டிரெக்டர், அம்மா."

"எந்த ஸ்கூலுக்கு?"

"ஸ்கூலுக்கு இல்லை. அவர் ஃபிலடெல்ஃபியால இருக்கிறார்."

"அங்கயிருந்தோ வாறான்?"

"ஆர் வாறது?"

"வயசென்ன அவனுக்கு?"

"தெரியா. இருபத்தொன்பது?"

நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன் என்று நீ சொல்லுகிறாய். போடவில்லை. கையில் வைத்துக்கொண்டுதான் அப்பாவைக் கூப்பிட்டேன். சாரத்தோடு படுத்திருந்த மனிதர் எழும்பிக் களுசானைக் கொழுவிக்கொண்டு கார்த் திறப்பைத் தேடினார். எங்கே போகப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் திறப்பு கையில் இருந்தால் ஒரு ஆறுதல்.

"தமிழ்ப் பெடியனோ?"

"தாய் தமிழ் எண்டு பேப்பர்ல கிடந்தது."

"தகப்பன்?"

"மலையாளம். ரெண்டு பேரும் டொக்டர்."

இந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது என்றும், "எந்த ஆஸ்பத்திரி?" என்று நான் கேட்டேன் என்றும் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைப்பாய். குரல் இறங்கியது உண்மை. ஆஸ்பத்திரியைக் கேட்டது அப்பா. களுசானுக்கு பெல்ற் போட்டுக்கொண்டே கேட்டார்.

பிறகு நீ பேப்பரைக் கொண்டுவந்து சிக்ஸ்த் சென்ஸ் என்ற அந்தப் படத்தின் விளம்பரத்தைக் காட்டினாய். அந்த மனிதரின் பெயரே அப்படி: எம். நைட் சியாமளன். பெற்றவர்கள் வைத்தது மனோஜ் நெல்லியாட்டு சியாமளன், நைட் என்பது அவராக வைத்துக்கொண்டது. இப்படி ஒரு பெயரை வைத்தால் ஊரில் எத்தனை வீட்டில் சண்டை வரும் என்று அவர் யோசிக்கவில்லை. மாஹேயில் பிறந்தவராம். மாஹே கேரளக் கரையில் இருந்தாலும் புதுச்சேரியோடு சேர்ந்த இடம். டொக்டர்மாரின் பிள்ளை, நியூயோர்க்குக்குப் போய்ப் படம் எடுக்கப் படித்தார். அந்தப் படம் ஆறு ஒஸ்காருக்குப் பரிந்துரையானது, ஒன்றும் கிடைக்கவில்லை. இதெல்லாம் நான் பிறகு தேடி வாசித்தது. வாசிக்கும்போது எனக்கு ஓடியதெல்லாம், "அம்மா, நான் டொக்டருக்குப் படிக்கேல்லை" என்று அந்தப் பிள்ளை சொன்ன அன்று அந்த வீட்டில் என்ன சமையல், யார் சாப்பிட்டார்கள் என்பதுதான்.

உன்னை விட்டோம்தானே, மற்றினிக்கு? அப்பா தியேட்டர் வாசலில் காருக்குள் இருந்ததை நீ சொல்லுவதே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததையும் நீ சொல்லுவதில்லை. அடுத்த வருசம் அதே படத்தின் கசற்றை எடுத்துக்கொண்டு, இன்னும் பார்க்காத உன் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாய். நான் பின்னால் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்திலேயே அந்த மனோதத்துவ டொக்டரை வீட்டுக்குள் வைத்துச் சுடுகிறார்கள். அப்புறம் நல்ல உடுப்போடு நடந்து திரிகிறார். ரெஸ்ரோரன்டில் பெண்சாதிக்கு முன்னால் இருந்து கதைக்கிறார், அவ அவரைப் பார்க்கிறாவே இல்லை. பில் வருகிறது, அதையும் தானே இழுத்து எடுக்கிறா. நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்: "அந்த மனுசன் செத்துப்போச்சு போல கிடக்கு."

குஷன் பறந்து வந்தது. "ஸ்பொய்லர்! அம்மா, ஸ்பொய்லர்!" என்று கத்தினாய். அதற்குமுன் படம் தொடங்கின நேரத்திலேயே, "அம்மாவுக்கு இந்தப் படம் விளங்காது" என்று சிநேகிதிகளுக்கு இங்கிலிஸில் சொன்னாயே, அது எனக்கு விளங்கியது.

மகள், கதை முன்னமே தெரிந்தால் படம் பழுதாகிவிடும் என்கிற எண்ணம் எங்களிடம் இருக்கவில்லை. ராஜாவோ மனோகராவோ வின்சரோ, தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். பாட்டோடு கதைச்சுருக்கமும் இருக்கும். கதாநாயகி ஆற்றில் விழுகிற இடம் வரை எழுதிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்தியிருப்பான். அந்த மீதியை முதல் கிழமையே பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு மாமி கிணற்றடியில் சொல்லிவிடுவா. கதை முழுக்கத் தெரிந்துகொண்டுதான் போவோம். தெரியாமல் போனால் அழுகிற இடம் வருவதற்குமுன் கைலேஞ்சியை எப்படி எடுத்து வைப்பது? ரீகலில் இங்கிலிஸ் படம் ஓடும், அதற்குப் பெடியன்கள்தான் போவார்கள். அங்கே அவர்களுக்கு எவ்வளவு விளங்கியது என்று அப்பாவைக் கேள். இன்றுவரை சொல்லமாட்டார்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. இவ்வளவு காலமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஹோம் அலோன் கசற் நினைவிருக்கிறதா? படம் 1990-இல் வந்தது, எங்கள் வீட்டுக்குக் கசற்றாக வந்து சேர அடுத்த வருசம் ஆகிவிட்டது. உனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தால் வந்தால் அதுதான். குடும்பமே பாரிஸுக்குப் பறக்கிறது, எட்டு வயதுப் பிள்ளையை வீட்டில் மறந்து விட்டுவிட்டார்கள், இரண்டு கள்ளர் வருகிறார்கள். கள்ளர் வழுக்கி விழுகிற இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு நிலத்தில் உருண்டு சிரிப்பாய். எனக்கு அது பேய்ப்படம். கனடாவில் வந்து இறங்கியவுடன் எனக்கு எல்லோரும் சொன்ன முதல் புத்தி, பிள்ளையைத் தனிய விட்டால் சில்ட்ரன்ஸ் எயிட் வந்து கொண்டுபோய்விடும் என்பது. படம் முழுக்க நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொலிஸ்காரன் வந்து கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று போயே போய்விடுகிறான்! அப்புறம் அந்தத் தாய். பிளேனில் இடம் இல்லை, காதில் கையில் கிடந்ததை எல்லாம் கழற்றித் தருகிறேன் என்று யாரோ ஒரு கிழவியிடம் ரிக்கற் கேட்டு, கடைசியில் பாண்டு வாத்தியக்காரரின் வானுக்குள் ஏறி வீட்டுக்கு வருகிறா. அந்த இடம் வந்தால் நான் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிவருவேன். நீ ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை ஓட்டிவிடுவாய். அதற்கு எத்தனை சண்டை பிடித்திருக்கிறோம்.

அந்தக் காலத்தில் நான் பெட்டி அடைக்கிற ஒரு பாக்டரியில் வேலை. சுப்பவைசர் ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்ல மனிசி. ஒருநாள் சாப்பாட்டு நேரம் பக்கத்தில் வந்திருந்து, "ஹவ் இஸ் யுவர் டோட்டர்?" என்று கேட்டா. அவ்வளவு அன்பாகக் கேட்கிற ஆளுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லலாமா? எனக்குத் தெரிந்த இங்கிலிஸை எல்லாம் கூட்டிச் சேர்த்தேன்.

"மை டோட்டர், ஹோம் அலோன். எவ்ரிடே. ஷீ லாஃபிங், லாஃபிங்."

அவ கையில் இருந்த சான்ட்விச்சைக் கீழே வைத்தா. "ஹவ் ஓல்ட்?"

"செவன்."

"ஹூ இஸ் வித் ஹேர்?"

"நோபடி" என்றேன். அப்புறம் கதையைக் குறையாகச் சொல்லக்கூடாது என்று, "ஒன்லி டூ தீவ்ஸ்" என்றேன்.

அந்த முகம் வெளுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எழும்பி ஒஃபிஸுக்குள் போனா. கண்ணாடிக்குள்ளால் தெரிகிறது, போனைக் கையில் எடுக்கிறா, வைக்கிறா, எடுக்கிறா. பிறகு எங்களோடு வேலை செய்த கயானாக்காரப் பெண்ணைக் கூப்பிட்டா. அவள் வந்து என் தோளில் கைவைத்து, உன் பிள்ளை எங்கே, யாரோடு நிற்கிறாள், அந்தக் கள்ளர் யார் என்று மெதுவாக விசாரித்தாள். பிள்ளை அப்பாவோடு வீட்டில், அப்பாவுக்கு இரவு வேலை, கள்ளர் ரிவிக்குள் என்று நான் சொல்லி முடிக்க, அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்துச் சிரித்தாள். சுப்பவைசருக்கு விசயம் போனதும் அங்கேயும் சிரிப்பு. நான் அந்த வேலையை விடும்வரை, கிறிஸ்மஸ் வந்தால் அந்த மனிசி என்னைக் கண்டு, "கள்ளர் போய்விட்டார்களா?" என்று கேட்பா. போன் நம்பரை அழுத்தியிருந்தா என்றால் அன்றைக்கு யார் எங்கள் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அதனால்தான் உனக்குச் சொல்லவில்லை. இப்போது உனக்கு நாற்பது, இனி ஒருவரும் உன்னைக் கொண்டுபோக மாட்டார்கள். சொல்லு.

நீ தமிழ்ப் படம் பார்த்த கதைகளும் எனக்குத் தெரியும் என்பதை மறக்காதே. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகின புதிதில், கடையில் எடுத்துவந்த கசற் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்த எழுத்தை, "இ... டை... வே... ளை" என்று வாசித்துவிட்டு, "அம்மா, போன கிழமை பார்த்ததும் இந்தப் படம்தானே?" என்று கேட்டாய். எல்லாப் படத்துக்கும் அதுதான் பெயர் என்று எவ்வளவு காலம் நினைத்துக்கொண்டு இருந்தாயோ! நான் இதை எந்த ஹாலிலும் சொன்னதில்லை.

2000 தீபாவளிக்குத் தெனாலி வந்தது. அதற்குமுன் எந்தத் தமிழ்ப் படத்துக்குப் போனாலும் நீ என் காதுக்குள்தான் இருப்பாய். "என்ன சொன்னவர்? ஏன் சிரிக்கினம்?" மெட்ராஸ் பாஷை எனக்கே பாதி விளங்காது, நான் எங்கே விளங்கப்படுத்துவது! அன்றைக்குக் கமல் வாயைத் திறந்ததும் நீ கதிரையின் நுனிக்கு வந்தாய். பிறகு தியேட்டர் முழுக்கக் கேட்க, "அம்மா, இவர் எங்களை மாதிரிக் கதைக்கிறார்!" என்றாய். முன் வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். கமல் அதில் ஈழத்திலிருந்து போன அகதி, எதைக் கண்டாலும் பயப்படுகிற ஆள். ஆட்கள் சிரித்த சிரிப்பில் பகிடிக்குச் சிரித்தது எவ்வளவு, எங்கள் பேச்சைத் திரையில் கேட்ட சந்தோசத்தில் சிரித்தது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. பயத்தைக் காட்டின சில இடங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதையும் சொல்லவேண்டும். அப்பா வீட்டுக்கு வரும்வரை, இது யாழ்ப்பாணத் தமிழ் இல்லை, இப்படி எங்கட ஊரில் ஆர் கதைக்கிறது என்று குற்றம் பிடித்துக்கொண்டு வந்தார். அன்று முழுப்படத்திலும் நீ என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

தம்பி முதல்முதல் சாப்பிட வந்த அன்று, "அத்தை, நீங்க தெனாலி மாதிரியே பேசுறீங்க!" என்று ஆசையாகச் சொன்னாரே. மேசைக்குக் கீழே நீ அவர் காலை மிதித்ததை நான் கண்டேன். அவர் புகழ்ந்துதான் சொன்னார், பாவம். இதையும் பேச்சில் சேர். பிழையாக விளங்கினதெல்லாம் என் தலையில்தான் விழவேண்டுமா?

கடைசியாக டைட்டானிக். இதில் சின்னத் திருத்தம் இல்லை, பெரிய திருத்தம்.

நான் றோல்ஸ் பொரித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தது சரி. படம் வரைகிற இடத்தில் உன் கண்ணைப் பொத்தியதும் சரி, அப்பா அந்த நேரம் பார்த்துக் கண்விழித்ததும் சரி. இடைவேளை எப்போது என்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரைக் கேட்டதும் நான்தான். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிற படம், ஒரு தேத்தண்ணிக்கு விடமாட்டார்கள் என்றால் அது என்ன நியாயம்? வீட்டுக்குக் கசற்றாக வந்தபோது இரண்டாகப் பிரித்துத் தந்தார்கள், அப்போதுதான் அவர்களுக்கும் புத்தி வந்தது.

ஆனால், "லியோனார்டோ செத்ததுக்கு எங்கட அம்மாவே அழுதவ" என்று நீ சொல்லித் திரிகிறாயே, அது நடக்கவில்லை.

உனக்கு நினைவிருக்கும், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாய். நான் கேட்டேன்: "தாய்க்குச் சொன்னவளோ?"

"ஆருக்கு?"

"தாய்க்கு."

"அம்மா! ஜாக் செத்துப்போட்டான்!"

"அவன் செத்தது தெரியும். இவள் உயிரோட இருக்கிறது தாய்க்குத் தெரியுமோ?"

நீ எனக்குப் பதில் சொல்லவில்லை, விசர் அம்மா என்று நினைத்திருப்பாய். அந்த ரோஸின் தாய் நல்ல மனிசி என்று நான் சொல்லவரவில்லை. திமிர் பிடித்தவ, காசுக்காக மகளைக் கட்டிக்கொடுக்கப் பார்த்தவ. ஆனாலும் படகுக்குள் ஏறினபின் மகள் வரவில்லை என்று கண்டு ரோஸ், ரோஸ் என்று கூப்பிடுகிறா. அதற்குப் பிறகு அவவுக்கு என்ன ஆனது? மகள் காப்பாற்றப்பட்டு நியூயோர்க்குக்கு வந்து சேருகிறாள், பெயரைக் கேட்டவனிடம் ரோஸ் டோசன் என்கிறாள். பழைய பெயரோடு பழைய ஆட்களையும் விட்டுவிட்டாள். கலியாணம் கட்டி, பேத்தியைக் கண்டு, நூறு வயதுவரை இருக்கிறாள். தாய் சாகும்வரை மகள் கடலுக்குள் என்றுதானே நினைத்திருப்பா? ஒரு கடிதம் போட எவ்வளவு நேரம்? படத்தில் அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. நான் அழுதது அதற்கு.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்குகிறது என்று, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மம்மாவும் அதற்குள். யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லாத காலம். அந்தக் குளிர்காலம் முழுக்க, கொழும்பில் இருந்து யாராவது கடிதம் போடுவார்களா என்று தபால்பெட்டித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உனக்குப் பதினொரு வயது. அம்மம்மாவுக்கு நேரம் இல்லை, அதுதான் எழுதவில்லை என்று உனக்குச் சொல்லிவைத்தோம். நீயும் நம்பினாய். அவ கொடிகாமத்தில் சுகமாக இருக்கிறா என்று கடைசியில் கடிதம் வந்தது. அதைப் பிரித்த அன்று நான் குசினிக்குள் நின்று சத்தமாகச் சிரித்தேன், நீ ஓடிவந்து என்ன பகிடி என்று கேட்டாய். அதற்கு இரண்டு வருசத்துக்குப் பிறகு வந்த படம் அது. எனக்கு ஜாக்கைப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

இதை மேடையில் சொல்லவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்களை அழவைக்காதே. லியோனார்டோ கதையை மட்டும் வெட்டிவிடு, அதற்குப் பதிலாகக் கள்ளர் கதையைப் போடு. சிரிப்பு குறையாது.

இன்னும் இரண்டு விசயம். ஹாலில் பெரியப்பா வீட்டு மேசையை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போடாதே, அவர் காதுக்கு மெஷின் போட்டிருக்கிறார், சத்தம் கூடினால் எழும்பிப் போய்விடுவார். போனமுறை மாதிரி எல்லாவற்றுக்கும் உறைப்புக் குறைக்கச் சொல்லாதே, வருகிறவர்கள் எங்கள் ஆட்கள்.

மற்றது, திரையில் ஓடவிடப் போகிற படங்களில் என் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் அந்த லியோனார்டோவை ஒட்டியிருக்கிறாயாம். தம்பி அதையும் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் நீ எடுத்துவிடு. யாரையாவது ஒட்டத்தான் வேண்டும் என்றால் சிவாஜியை ஒட்டு. தொப்பை வைத்த பிறகு எடுத்தது வேண்டாம், கறுப்பு வெள்ளையில் நல்லதாகப் பார்த்து எடு.

அன்புடன்,
அம்மா